ஒரு கொப்புளம்கூட வரவில்லை

பூந்தமல்லியிலிருந்து திருமழிசை போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு நண்பர்கள். ஜன்னலோரம் இருந்தவர் மஞ்சள் வேட்டியில் இருந்தார், மணிக்கட்டில் காப்புக் கயிறு. முந்தின நாள் அம்மன் கோயிலில் தீ மிதித்திருக்கிறார். காலில் காயமில்லாத மனிதர், அழாத குறையாகச் சொன்னார்:

“ஒரு கொப்புளம்கூட வரல மச்சான்.”

“நல்லதுதானே? தப்பு செஞ்சவனத்தான் சுடும்பாங்க.”

“சுடும்னுதான் எறங்குனேன். சுட்டிருந்தா மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். அன்னிக்கு தம்பி மூணு தபா போன் பண்ணான். நான் கோவத்துல மூணு தபாவும் கட் பண்ணேன். நாலாவது போன் ஆஸ்பத்திரிலேர்ந்து வந்துச்சி.”

“அவன் விதி அவ்ளோதான்.”

“எங்கம்மாவும் அதான் சொல்லுது. கட் பண்ணது என் விரல்டா. விதியா வந்து அமுக்குச்சி?”

இவரே குனிந்து தன் பாதத்தைத் தடவிக்கொண்டே தொடர்ந்தார்.

“நேத்து தீ மிதிச்சிட்டு வந்து குந்துனேன். தம்பி பொண்ணு என் காலத் தூக்கித் தூக்கிப் பாத்துது. ‘பெரிப்பாவுக்கு ஒன்னுமே ஆவல’ன்னு கை தட்டி சிரிச்சிது. நானும் சிரிச்சிட்டேன். அவன் போனப்புறம் அதான் மொத தபா. நான் சிரிக்கலாமா மச்சான்?”

“கட் பண்ண விரலு உன்துன்னா, சிரிச்ச வாயும் உன்துதான்.”

மஞ்சள் வேட்டிக்காரர் திருமழிசை வரும்வரை அந்த வாயைக் கையால் பொத்திக்கொண்டே வந்தார்.