‘சில்வர் ஹெரான்’ படகின் கயிறுகளை அறுத்தது குறித்து

பெயர்: ரோவினா பார்டோ. வயது: இருபத்தாறு. தொழில்: குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளர். முகவரி: சூளைச் சந்து, அப்டன், வூஸ்டர்ஷயர்.

கேள்வி கேட்டால் எனக்கு நாக்குத் தடுமாறும் என்பதால் காவல் அதிகாரியிடம் அனுமதி பெற்று இதை என் கைப்பட எழுதுகிறேன். தேவைக்கு மேல் எழுதிவிட்டால் மன்னிக்க வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் சென்ற முதல் ஆள் நான். படகு வாங்கிய முதல் ஆளும் நான்தான். சென்ற ஆண்டு மார்ச் மாதம், ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியரிடமிருந்து ‘பிப்பின்’ என்ற சிறிய பயணப் படகை வாங்கினேன். அதில் இருவர் படுக்கலாம். ஒருவராலும் நிமிர்ந்து நிற்க முடியாது. பார்க்க வந்த என் தந்தை உள்ளே இருமுறை தலையை இடித்துக்கொண்டார். “நம்ம வீட்டுல ஒருத்தருக்கும் நீச்சல் தெரியாது. இவ கப்பல் வாங்கியிருக்கா” என்றார். அதன் பிறகு அவர் தம் லாரியின் முன் கண்ணாடியில் பிப்பினின் படத்தை ஒட்டி வைத்திருப்பதாக அம்மா சொன்னார்.

அதன் பிறகு நான் உப்புத்துறை படகுச் சங்கத்தில் ஓராண்டுத் தகுதிகாண் உறுப்பினராகச் சேர்ந்தேன். ஆண்டு முடிவில் மற்ற உறுப்பினர்கள் வாக்களித்து, வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று முடிவு செய்வார்கள். அந்த வாக்கெடுப்பு மார்ச் முதல் ஞாயிறன்று நடக்க இருக்கிறது. வழக்கு பதிவாகியுள்ள ஒருவரின் பெயரை வாக்கெடுப்புக்கு வைக்க முடியாது என்று சங்கச் செயலாளர் கிளெண்டா டாலி என்னிடம் தெரிவித்திருக்கிறார். அப்படியானால் சங்கத்தின் படகுத்துறையில் என் படகுக்கு இடமில்லை.

எங்கள் சங்கத்தில் எழுதப்படாத ஒரு வழக்கம் உண்டு. செவர்ன் ஆற்றில் நீர் ஏறினாலும் இறங்கினாலும், துறைக்கு முதலில் வருபவர் தம் படகை மட்டும் பார்த்துவிட்டுப் போகமாட்டார். வரிசை முழுவதும் நடந்து எல்லாப் படகுகளின் கயிறுகளையும் தளர்த்துவார், அல்லது இழுத்துக் கட்டுவார். யாரும் அனுமதி கேட்பதில்லை. நான் சேர்ந்த புதிதில் ஒரு காலை, பிப்பினின் கயிறு எனக்குக் கட்டத் தெரியாத ஒரு முடிச்சில் இருந்தது. யார் கட்டியது என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. அந்த முடிச்சை அவிழ்க்க மனமில்லாமல் அந்த வாரம் படகை எடுக்காமலே இருந்தேன்.

சென்ற நவம்பரில் திரு. ஜூலியன் ஃபென்விக் தம் ‘சில்வர் ஹெரான்’ படகுடன் சங்கத்துக்கு வந்தார். அவர் பல ஆண்டுகள் கால்வாய்களில் படகு ஓட்டியவர். கால்வாயில் நீர்மட்டம் மாறாது. படகு அசையாமலிருக்கக் குட்டையாக இறுக்கிக் கட்டுவார்கள். அங்கே அது சரியான பழக்கம். இங்கும் அவர் அப்படியே கட்டினார். தம் கயிற்றை யாரும் தொடக்கூடாது என்றும் சொன்னார்.

ஜனவரிக் கூட்டத்தில் அவர் எழுந்து, “இந்த மாதிரி குளியல் தொட்டியெல்லாம் பக்கத்துல கட்டினா என் படகுக்கு என்ன மதிப்பு இருக்கும்?” என்று பிப்பினைக் குறிப்பிட்டுக் கேட்டார். கிளெண்டா, “ஆத்துக்கு விலைச்சீட்டு படிக்கத் தெரியாதுங்க, மிஸ்டர் ஃபென்விக்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சர்க்கரை போடாத தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி பதினான்காம் தேதி சனிக்கிழமை காலை நான் துறைக்குச் சென்றபோது, வேல்ஸ் மலைகளில் பெய்த மழையால் ஆறு வேகமாக ஏறிக்கொண்டிருந்தது. வரிசையாகக் கயிறுகளைத் தளர்த்திக்கொண்டே போய்க் கடைசியில் சில்வர் ஹெரானை அடைந்தேன். அதன் கயிறுகள் கட்டியிருந்த, துறைச் சுவரிலுள்ள இரும்பு வளையங்கள் நீருக்குள் போய்விட்டிருந்தன. குட்டைக் கயிறுகள் படகை மேலே எழ விடாமல் ஒரு பக்கமாக அமுக்கிப் பிடித்திருந்தன. அந்தப் பக்கத்துக் காற்றுத் துளைகள் வழியாகத் தண்ணீர் உள்ளே போய்க்கொண்டிருந்தது. திரு. ஃபென்விக்கைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன். எடுக்கவில்லை.

அப்போது டெஸ் ஹேகாக்ஸ் என்ற மூத்த உறுப்பினர் வந்தார். அவர், “விட்டுடு கண்ணு. தொட்டா அந்தாளு வக்கீல வச்சுத்தான் பேசுவான். உனக்கு இன்னும் ஓட்டு கூட விழல” என்றார்.

நான், “பேசட்டும். பேசறதுக்கு மொதல்ல படகு இருக்கணும்ல? இந்த முனையப் பிடிங்க, டெஸ்” என்றேன். நான் அவ்வளவு சத்தமாகப் பேசி அவர் கேட்டதில்லை. பிடித்துக்கொண்டார்.

அதன் பிறகு பிப்பினிலிருந்த என் நீளமான இரண்டு கயிறுகளை ஹெரானின் முன்னும் பின்னும் கட்டி, மறுமுனைகளைச் சுவரின் மேலுள்ள கம்பங்களில் சுற்றினேன். ஹெரானின் பழைய கயிறுகள் விறைத்து, முடிச்சுகள் கையால் அவிழ்க்க முடியாதபடி இறுகியிருந்தன. அதன் பிறகே பின்கயிற்றையும், அடுத்து முன்கயிற்றையும் என் கத்தியால் அறுத்தேன். படகு துள்ளி நிமிர்ந்தது. நிமிர்ந்த வேகத்தில் முன்பக்கம் ஒரு கம்பத்தில் உரசி நீல வண்ணம் பெயர்ந்தது. அந்தக் கீறலுக்கு நான்தான் காரணம். டெஸ் அல்ல.

ஜனவரிக் கூட்டத்தில் பட்ட அவமானத்துக்குப் பழிவாங்கினேன் என்பது திரு. ஃபென்விக்கின் புகார். அவர் சொன்னது என் மனத்தில் இருந்ததா என்று அதிகாரி கேட்டார். இருந்தது. இப்போதும் இருக்கிறது. கத்தியைக் கையில் எடுத்த நேரத்தில் என் மனத்தில் இருந்தது, எந்தக் கயிற்றை முதலில் அறுத்தால் படகு நீரோட்டத்தில் திரும்பிக்கொள்ளாது என்பது மட்டுமே. சரியான கயிற்றைத்தான் முதலில் அறுத்தேன். அன்று அந்தத் துறையில் ஒரு படகும் மூழ்கவில்லை.

மேலே எழுதியதை யாரும் சொல்லித்தந்து எழுதவில்லை. இதில் பொய் இருந்தால் சட்டப்படி தண்டனை உண்டு என்பதை அறிவேன். திரும்ப ஒருமுறை படித்துப் பார்த்தேன், மாற்ற ஒன்றுமில்லை.

கையொப்பமிடும் முன் ஒரு வேண்டுகோள். திரு. ஃபென்விக் புதுக் கயிறுகள் வாங்கி, முன்போலவே குட்டையாக இறுக்கிக் கட்டிவிட்டு ஊருக்குப் போயிருக்கிறார். விசாரணை முடியும்வரை சங்கத்தார் யாரும் அந்தப் படகைத் தொடக்கூடாது என்று நீங்கள் உத்தரவிட்டிருக்கிறீர்கள். மலைப்பக்கம் நேற்றிலிருந்து மழை பெய்கிறது. நாளை காலை தண்ணீர் இங்கே வந்துவிடும். தயவுசெய்து எனக்கு அனுமதி தாருங்கள். நம்பிக்கை இல்லையென்றால் ஒரு காவலரையும் உடன் அனுப்புங்கள். இன்றே போனால் கத்தி தேவைப்படாது, கையாலேயே அவிழ்த்துவிடலாம்.

(ஒப்பம்)
ரோவினா பார்டோ