முற்றத்துக் கதவின் தாழ்ப்பாள்

வான்கோழிக் கறியைச் சூடாகத்தான் சாப்பிட வேண்டும். ஆறினால் மேலே ஊற்றிய குழம்பு ஆடை கட்டிவிடும். எங்கள் மணிக்கயிறு முறுக்குவோர் சங்கத்தின் கிறிஸ்துமஸ் விருந்தில் போன வருடம் அப்படித்தான் ஆனது. அங்கிருந்து தொடங்கினால் உங்களுக்குப் புரியும்.

லண்டன் நகரத்தின் பழைய கைத்தொழில் சங்கங்களில் எங்களுடையது சிறியது. உறுப்பினர் எல்லோரும் வக்கீல்கள், வங்கிக்காரர்கள். கயிற்றைத் தொட்டவர் யாரும் இல்லை. ஆனாலும் அங்கி அணிந்து மண்டபத்துக்கு வருவார்கள். நான் அங்கே கட்டியக்காரன். வருபவர் பெயரை வாசலில் உரக்கச் சொல்வேன். பேச்சுக்கு முன் கோலைத் தரையில் தட்டி அமைதி கேட்பேன்.

ஆம்ப்ரோஸ் கெட்டில்வெல் முன்னாள் தலைவர். என்னை வேலைக்கு எடுத்தவர், நல்ல மனிதர். எண்பதைத் தாண்டியபின் நினைவு தப்பிவிட்டது. போன வருடம் கறி பரிமாறும் நேரத்தில் எழுந்து, தலைவராக இருந்தபோது பேசிய பழைய பேச்சைத் தொடங்கினார். நடுவில், இறந்துபோன மனைவி மேபலைக் கூப்பிட்டு அழுதார். எல்லோரும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலர் சிரிப்பை அடக்கினார்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

இந்த வருடம் தலைவர் திருமதி பிரையர் என்னைத் தனியே அழைத்தார்.

"டன்ஸ்டன், ஆம்ப்ரோஸைக் கூப்பிடாம இருந்தா அசிங்கமாயிடும். நீங்கதான் கொஞ்சம் பாத்துக்கணும்."

"பாத்துக்கிறேன் மேடம்."

விருந்தன்று சூப் முடியும்வரை ஆம்ப்ரோஸ் குஷியாகத்தான் இருந்தார். கிறிஸ்துமஸ் விருந்து வழக்கப்படி எல்லோரையும் போலக் காகிதக் கிரீடம் வைத்துக்கொண்டு, "உன் தலையிலயும் ஒண்ணு இருக்கே தம்பி, நாம ரெண்டு பேரும் எந்த ஊருக்கு ராஜா?" என்று எதிரே இருந்த நீதிபதியைக் கேட்டார். வான்கோழி வந்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

நான் போய்க் குனிந்தேன்.

"மேபல் வந்துட்டாளாப்பா?"

"வந்துட்டாங்க ஐயா. முத்தத்துல நிக்கிறாங்க."

"இந்தக் குளிர்லயா? உள்ள கூப்பிடத் தெரியாதா உனக்கு?" என்று கடிந்துகொண்டே எழுந்தார்.

கைத்தாங்கலாக அழைத்துப் போனேன். அவருடைய மேல்கோட்டு வாசல் பக்கம் மாட்டியிருந்தது. எடுக்கப் போனால் அவர் மனம் மாறிவிடுமோ என்று விட்டுவிட்டேன். முற்றத்தில் பனி கணுக்கால்வரை கிடந்தது. சுற்றிலும் ஜன்னல் இல்லாத சுவர்கள். அவர் படியிறங்கியதும் கதவைச் சாத்தித் தாழிட்டேன்.

கறி சூடாகப் பரிமாறப்பட்டது. யாரோ கேட்டதற்கு, ஆம்ப்ரோஸை வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் தட்டும் சத்தம் கேட்டது. பலமாக இல்லை, உள்ளங்கையால் தட்டுவது போல. கதவோரம் உட்கார்ந்திருந்த பெண்மணி திரும்பினார்.

"அது என்ன சத்தம்?"

"சமையல்கட்டுல பெட்டி இறக்குறாங்க மேடம்."

அவர் தலையசைத்துவிட்டுச் சாப்பிடத் தொடங்கினார். நான் கோலைத் தட்டி, பாடகர்களைக் குறித்த நேரத்துக்கு முன்பே அழைத்தேன். அருமையாகப் பாடினார்கள். பாட்டு முடிந்தபோது சத்தம் இல்லை. பிறகு இரட்டைப்பிடி வெள்ளிக் கிண்ணத்தில் திராட்சை ரசம் கைமாறிக் கைமாறி மேசையைச் சுற்றி வந்தது. கிளம்பும்போது திருமதி பிரையர் என் கையைப் பிடித்து, "இவ்வளவு நல்லா ஒரு விருந்து நடந்ததே இல்ல" என்றார்.

கடைசி வண்டியும் போனபின் தாழ்ப்பாளை நீக்கினேன். கதவில் சாய்ந்திருந்தவர் என் காலடியில் சரிந்தார்.

அவர் தானாக வெளியே போய்விட்டார் என்று நேற்று போலீஸ் விசாரணையில் உங்களிடம் சொன்னேன். அது சரியல்ல. நான்தான் கொண்டுபோய் விட்டேன். தட்டியதைக் கேட்டேன். அந்தக் குளிரில் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று எழுதிவிடாதீர்கள். அந்தப் பெண்மணி இன்னொரு தடவை கேட்டிருந்தால் கட்டாயம் திறந்திருப்பேன்.