மூன்றாவது அலசல்

ஒரு துளிக் குருதியில் ஓராயிரம் உண்மை கண்ட கூர்விழியே! நுண்ணோக்கியின் முன் அமர்ந்து நோயை மட்டுமன்றி நோயாளியையும் நோக்கிய நுட்பர் தலைவியே! முப்பத்து நான்கு ஆண்டுகள் எங்கள் இரத்தப் பரிசோதனைக் கூடத்தைக் கண்ணெனக் காத்து இன்று விடைபெறும் அம்மையே, வணக்கம்!

தங்கள் பொறுமையைப் போற்றுவதா, புலமையைப் புகழ்வதா என்று இரண்டு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் காலையிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இரத்தம் தேய்க்கும் கண்ணாடி ஸ்லைடுகளைக் கழுவும் என்னை எழுதச் சொன்ன நண்பர்கள் பொறுத்தருள்க. அதை விட்டுவிட்டு வேறொன்றைப் படிக்கிறேன்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் நம் ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு வருடாந்திர மருத்துவச் சோதனை. அவருடைய சிவப்பணுக்கள் வட்டத் தட்டுகளாக இல்லாமல், கிண்ணங்களாகக் குழிந்து கிடந்தன. மிதமிஞ்சிக் குடிப்பவர்களுக்கு அப்படி ஆவதுண்டு. மருத்துவர் முகம் கடுகடுத்தது. அறிக்கை போனால் ஓட்டுநரின் வேலை போய்விடும். "டீயைத் தவிர எதையும் தொட்டதில்லைங்க, என் பொண்ணு மேல சத்தியம்" என்று அவர் கைகட்டி நின்றார்.

தாங்கள் வாதாடவில்லை. தங்கள் விரலைக் குத்தி, அதே பெட்டியிலிருந்த இன்னொரு ஸ்லைடில் இரத்தத்தைத் தேய்த்தீர்கள். அதிலும் கிண்ணங்கள்! "பாருங்க டாக்டர், அப்ப நானும் குடிகாரிதான்!" என்றீர்கள். அமிலம் ஏறினால் அணு குழியும், காரம் ஏறினால் முள்முள்ளாய்ச் சிலிர்க்கும் என்று எங்களுக்கு ஓயாமல் சொன்னவர் அல்லவா தாங்கள்! நேரே கழுவும் தொட்டிக்கு வந்தீர்கள். அழுக்குப் போக அமிலத்தில் ஊறிய ஸ்லைடுகளை, அந்த அமிலம் நீங்க மூன்று முறை அலச வேண்டும். அந்தப் பெட்டிக்கு முந்தின நாள் மாலை மூன்றாவது அலசல் நடக்கவில்லை. நன்றாக அலசிய ஸ்லைடில் ஓட்டுநரின் அணுக்கள் அழகழகான தட்டுகளாகத் தெரிந்தன.

அலசாதவன் நான். பேருந்தைப் பிடிக்கும் அவசரம். பதிவேட்டில் "கவனக்குறைவு என்னுடையது" என்று எழுதிக் கையெழுத்திட்டவர் தாங்கள். மெமோவும் தங்களுக்கே வந்தது. நான் அப்போது தற்காலிகப் பணியாளன்; உண்மை தெரிந்திருந்தால் மறுநாளே வெளியே. "இனிமே ஒழுங்கா அலசுங்க" என்றதோடு சரி, அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் வாய் திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது, அம்மா.

ஓட்டுநர் அண்ணே, மூன்றாம் வரிசையில் இருக்கிறீர்கள். உங்களைத் தலைகுனிய வைத்தது என் கை. மன்னித்துவிடுங்கள். இதற்கு மெமோ வந்தால் வாங்கிக்கொள்கிறேன்.

அம்மையே! இம்மடலைச் சட்டமிட்டுத் தங்கள் வீட்டுக்கு அனுப்ப ஏற்பாடாகியிருக்கிறது. வேண்டாம், நம் கழுவும் தொட்டிக்கு மேலே மாட்ட அனுமதி தாருங்கள். நோய்நொடியின்றி, நுண்ணோக்கியின் நினைப்பும் இன்றி, நெடுநாள் நிம்மதியாக வாழ்க!

தங்கள் அன்பு மறவாத,
பரிசோதனைக் கூடப் பணியாளர்கள்

கவனக்குறைவு என்னுடையது.
(கையெழுத்து)
ஸ்லைடு கழுவுபவன்