துண்டு உக்காந்திருக்கிற வட்ட பெஞ்சு

...எங்க சார் உக்கார்றது? நீங்களே சொல்லுங்க! பெஞ்சு இருக்குது, ஆளு இல்ல, ஆனா எடமும் இல்ல. எங்கயாச்சும் உண்டா இந்த அக்குருமம்? சுத்திப் பாருங்க... துண்டு, துண்டு, துண்டு! துண்டுங்கல்லாம் சேந்துகினு மீட்டிங் போடுதுங்க, மனுசன் நின்னுகினு கெடக்குறான்.

நீங்க நம்ம பிளாக்குக்குப் புதுசு... தெரியும் தெரியும், லாரியில சாமான் எறக்கச்சொல்ல பாத்தேன். எம் பேரு குஞ்சிதபாதம், பக்கத்து குவார்ட்டர்ஸ்தான். மைன்ஸ்ல பெர்மனன்ட்டு.

இந்த எடத்துல பெரிய வேப்பமரம் சார், தானே புயல்ல சாஞ்சிடுச்சி. அப்புறம் ஒரு இன்ஜினியர் வந்தாரு, தங்கமான மனுசன். ரோட்டப் பாத்து பெஞ்சு போட்டா அவனவன் வண்டிய வேடிக்க பாத்துகினு இருப்பான், வட்டமா போட்டா மூஞ்சிய மூஞ்சி பாத்து பேசித்தான் ஆவணும்னாரு. நடுவுல புங்கங்கன்னு, பக்கத்துல கொழாயி, ஒரு பக்கெட்டு. உக்காந்தவன் எந்திரிக்கச்சொல்ல ஒரு பக்கெட்டு ஊத்திட்டு போவணும், அவ்ளோதான். இப்ப? துண்டா எந்திரிச்சி தண்ணி ஊத்தும்? புங்கங்கன்னப் பாருங்க, காஞ்ச மொளகா கணக்கா நிக்குது.

என்னா... இருங்க சார், போவலாம், வூட்ட எவன் தூக்கிகினு போப்போறான்!

எல்லாம் மைன்ஸ் பஸ்ஸு பழக்கம் சார். ஷிப்டு முடிஞ்சா ஜன்னல் வழியா துண்ட எறிஞ்சி சீட்டு புடிப்பானுவ, அத இங்கயும் கொண்டாந்துட்டானுவ. பச்சத்துண்டு பன்னீர்செல்வம். தொர ரெண்டாம் ஷிப்டுக்குப் போயிட்டாரு, அவரு வர்ற வரைக்கும் பெஞ்சு காத்துகினு கெடக்கணும்! பூப்போட்டது நர்சம்மா கண்ணகி. அவங்க ஊருக்கே போயிட்டாங்க சார்! அந்த ஓரத்துல கெடக்குறது யாருதுன்னே தெரியல, அதுக்கும் ஒரு மரியாத.

எம் பொண்டாட்டி சாமியம்மா வடலூர்ல பொண்ணு வூட்டோட தங்கிட்டா. இங்க டிவி மட்டும் கத்திகினு இருக்குது. பேச்சுத்தொணைக்கி ஆளில்லாம பைத்தியம் புடிக்குது சார், நெசமா சொல்றேன். அதுக்குத்தான் சாயங்காலமானா இங்க வந்து நிக்கிறேன்.

அய்யோ பாவம், கால மாத்தி மாத்தி நிக்கிறீங்களே! தூக்கி எறிங்க சார் ஒரு துண்ட! எவன் கேக்குறான் பாக்குறேன், நான் இருக்கேன்ல? தைரியமா... ம், அப்படித்தான்... அய்யய்யோ! அதத் தொடாதீங்க! அந்த செவப்புத்துண்டு என்னுது!

என்னா சார் அப்படிப் பாக்குறீங்க? சும்மா ஒண்ணும் புடிக்கல. பெஞ்சு கட்டுன அன்னிக்கி சிமிட்டி காயறதுக்கு முன்னாடி மொதத்துண்டு போட்டவனே நான்தான்! துண்டத் தூக்கிப் பாருங்க, அச்சு இன்னும் அப்படியே கெடக்குது. என்னப் பாத்துத்தான இவனுவ எல்லாம் கத்துகினானுவ...

சார்? சார், எங்க கெளம்பிட்டீங்க? கோவமா? இருங்க சார், எடுத்துட்டேன்! இதோ, எடுத்துட்டேன் பாருங்க! வந்து உக்காருங்க, நான் நின்னுக்கறேன், பேசிகினு இருப்போம்... சார்!

வூட்டு கேட்டச் சாத்திட்டாரு.

ச்சே... நல்ல மனுசன். வாயே தொறக்காம எவ்ளோ நேரம் கேட்டுகினு இருந்தாரு! நாளைக்கி வருவாரு, வராம எங்க போவப்போறாரு. வந்தா உக்கார எடம் வேணுமில்ல?

என்னுத மறுபடி விரிச்சிட்டு, தோள்ல கெடக்குற துண்டையும் அவருக்குப் போட்டு வெச்சிடறேன். என்னுது பக்கத்துலயே... பன்னீரு, கொஞ்சம் நவுந்துக்கடா.