என்ன பாவம்!

விருத்தாசலத்தில் எங்கள் கலை மன்றத்துக்குப் பல்லாண்டுகளாக நானே தலைவன். சென்னையிலிருந்து எந்த நாட்டியக் குழுவை அழைப்பது என்பதில் என் சொல்லே முடிவு. சென்ற ஞாயிறன்று வந்த குழுவினர், பாடகரும் மிருதங்கக்காரரும் இன்றி, ஒரு சிடியை மட்டும் கொண்டுவந்து ஆடினர். மறுநாள் வேப்பூர் பேருந்தில், என் முன்னிருக்கையில், பீங்கான் பட்டறைப் பெண்கள் இருவர் பேசிக்கொண்டு வந்தனர்.

"நேத்து ஆடுன பொண்ணு அத்தினி வாட்டி 'ஏன் வரவில்லை'ன்னு கேட்டுச்சே, கண்ணன் ஏங்க்கா வரல?"

"எப்பிடிடி வருவான்? சிடி அந்த வரியிலயே மாட்டிகிச்சு. அந்தப் பொண்ணு நிக்காம கையையும் கண்ணையும் மாத்தி மாத்தி ஆடி சமாளிச்சுது."

"அய்யய்யோ, அதான் டான்ஸுன்னு நெனச்சேன்!"

"நீ மட்டுமா? தலைவரு மைக்கப் புடிச்சு 'என்ன பாவம், என்ன பாவம்'னு உருகுனாரே! மூஞ்சில காட்டுறதுக்குப் பேரு பாவமாம். கீறல் வுழுந்த சிடிக்கு இம்மாம் பாராட்டு! அடுத்த கூட்டத்துல அவர மாத்தப் போறாங்களாம்."

"மாத்தட்டும்க்கா. மெட்ராசுக்காரங்க சிடியப் போட்டு ஏமாத்துறாங்க, இவரு பொன்னாடை போத்துறாரு."

நாட்டியத்தின் அரிச்சுவடியும் அறியாத அவ்விருவரும் வேப்பூர் வரை சிரித்தனர். அவர்களோடு வாதிடுவது என் தகுதிக்கு ஒவ்வாது. எனினும், மன்றக் கூட்டத்துக்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்துகிறேன். மேடையில் நான் சொன்னது அபிநயத்தைக் குறிக்கும் பாவம் அன்று. அப்பெண்ணின் நிலைக்கு இரங்கிச் சொன்ன பாவம்.