காரணம் எழுதப்படாது

விக்டோரியா: மணி வச்சாச்சா? இருபது நிமிசம். அதுக்குள்ள நூத்தம்பது வார்த்த.

எட்சன்: வச்சாச்சு. நீ எழுது, நான் வாயத் தொறக்க மாட்டேன்... ஆமா, இது என்ன படம்?

விக்டோரியா: தொறந்தாச்சு! பைன் மரத் தடி. ரெண்டு நாடு வருசா வருசம் வெளியேருந்து எவ்வளவுக்கு வாங்கிச்சுன்னு கோடு போட்டிருக்கு. மேல நிக்குறது அமெரிக்கா. கீழேருந்து ஏறுறது சீனா.

எட்சன்: மில்லுல நான் எறக்குற தடியா? கொள்ளாம். நர்சு வேலைக்குப் போற எனக்க பொண்டாட்டிட்ட ஊசியப் பத்திக் கேக்காம தடியப் பத்தியா கேப்பான்?

விக்டோரியா: இங்கிலீசு எழுத வருதான்னு பரிச்சையில பாக்கான். இது மூணாவது தடவ. நாளைக்கும் ஆறரை மார்க்கு வரலன்னா லண்டன் ஆஸ்பத்திரிக்காரன் வேற ஆளப் பாத்துருவான். பேசாம இரிங்க.

எட்சன்: ஓ... அதுக்குத்தான் பத்து நாளா தூக்குச்சட்டியில ரெண்டு துண்டு மீனா? வாயடைக்க?

விக்டோரியா: அடையல்லியே!

எட்சன்: ஏட்டி, ரெண்டாயிரத்து ஒம்பதுல அமெரிக்கா குப்புற விழுந்து கெடக்கே?

விக்டோரியா: விழுந்துதுன்னு எழுதியாச்சு.

எட்சன்: ஏன் விழுந்துதுன்னு எழுது. அங்க வீடு கட்டக் கடன் வாங்கினவனெல்லாம்...

விக்டோரியா: காரணம் எழுதப்படாது! படத்துல என்ன தெரியுதோ அது மட்டும். போன தடவ மீன் ஏத்துமதி படம் வந்துது. உங்கள மாதிரி, மழ அடிச்சா வள்ளம் எறக்க மாட்டானுவன்னு எழுதி வச்சேன். அரை மார்க்கு போச்சு.

எட்சன்: உள்ளதத்தானே எழுதின?

விக்டோரியா: உள்ளது அவனுக்கு வேண்டாம்.

எட்சன்: நல்ல பரிச்ச. ஒரு கண்டெய்னர் எறக்கினா எனக்க தோளுல தோலு இருக்காது. அதுக்கு எங்கட்டி கோடு?

விக்டோரியா: பின்பக்கம் இருக்கும். வாய மூடுங்க.

எட்சன்: ...செரி, ரெண்டு கோடும் ஒரு எடத்துல முட்டிக்கிட்டு, சீனா மேல போவுது, அமெரிக்கா கீழ போவுது. அத எழுதினியா?

விக்டோரியா: எங்க?

எட்சன்: இஞ்ச பாரு. ரெண்டாயிரத்துப் பதினொண்ணுல.

விக்டோரியா: ...கர்த்தாவே! அதுல்லா முக்கியம். அத விட்டுட்டு விழுந்துது, எழும்பிச்சுன்னு எழுதிட்டிருக்கேன்.

எட்சன்: தடி தூக்குறவன்ட்ட கேக்கணும்.

விக்டோரியா: அது செரி. தடி தூக்குறவரு காலையில பதினோரு மணிக்கு வீட்டுல எதுக்கு இருக்கீங்க?

எட்சன்: மில்லுல... கரண்டு இல்ல.

விக்டோரியா: நேத்து?

எட்சன்: நேத்து போனேன்லா? நீதானே சோறு கட்டித் தந்த.

விக்டோரியா: சட்டையில மரப்பொடியே இல்ல. பத்து நாளா ஒதறி ஒதறிப் பாக்கேன்.

எட்சன்: நான் இப்பம் சுத்தமா வேல செய்யேன்.

விக்டோரியா: ம்.

எட்சன்: எழுது பிள்ள. பதிமூணு நிமிசம் போச்சு.

விக்டோரியா: மில்லு பூட்டியாச்சா?

எட்சன்: ...காரணம் சொல்லப்படாதுன்னு நீதானே சொன்ன.

விக்டோரியா: காரணம் கேக்கல்ல. என்ன தெரியுதோ அத மட்டும் சொல்லுங்க.

எட்சன்: ...பூட்டியாச்சு. தடி வரத்து இல்ல. எங்க எல்லாரையும் நிப்பாட்டியாச்சு. நாளைக்குப் பரிச்ச முடியட்டும், பெறவு சொல்லலாம்னு... இது மண்டையில கெடந்தா உனக்கு எழுத வருமா?

விக்டோரியா: அதுக்காவ தெனமும் காலையில தூக்குச்சட்டியோட கெளம்பி...

எட்சன்: வேற என்ன செய்ய? நீ ஒண்ணும் தெரியாம ஆசையா மீன் பொரிச்சு வச்சுத் தாற. எனக்குத் தொண்டையில எறங்கல்ல, கேட்டியா.

விக்டோரியா: பொய்யி. சட்டி வழிச்சு நக்கினமாதிரில்லா திரும்பி வரும்! சுசீந்திரம் தெப்பக்குளத்துக் கரையில நீங்க உக்காந்திருக்கீங்கன்னு பக்கத்து வீட்டு ஜெபிசுக்க பொண்டாட்டி மொத நாளே வந்து சொல்லியாச்சு. சும்மா இருந்தா பசி கூடுமேன்னுதான் ரெண்டாவது துண்டு வச்சேன்... மணி எவ்வளவு ஆச்சு?