அவள் பையை நான் கட்டினேன்

என் பெயரும் விலாசமும் முதல் தாளில் எழுதிக்கொள்ளப்பட்டன. வயது நாற்பத்திரண்டு. பள்ளிச் சீருடை தைக்கும் கடை நடத்துகிறேன். இறந்துபோனவள் என் கணவரின் தங்கை, வயது முப்பத்தைந்து, மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்த்துப் பொருத்தும் வேலை, திருமணம் ஆகாதவள், எங்கள் வீட்டு மாடியிலேயே இருந்தாள். வீட்டில் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவோம். நான் இப்போது மலையடி மருத்துவமனையில் இருக்கிறேன். நினைவு தெளிவாக இருக்கிறது. யாரும் சொல்லிக்கொடுத்து இதைச் சொல்லவில்லை.

அவள் தன் அலட்சியத்தால் இறந்தாள் என்று மலையடி விடுதிக்காரர் சொல்லியிருப்பதாகவும், என் கணவரும் தொலைபேசியில் 'அவ எப்பவுமே அப்படித்தான்' என்று சொன்னதாகவும் காவல் ஆய்வாளர் எனக்குப் படித்துக் காட்டினார். அதற்கு ஆதாரமாக இரண்டு பொருள்கள் காட்டப்பட்டன. ஒன்று, விடுதி அறையின் ஜன்னல் திண்டில் இருந்த, முகாம் அடுப்புக்கான சின்ன கேஸ் சிலிண்டர். மற்றொன்று, எங்கள் கூடாரத்தில் கிடைத்த அவளுடைய பஞ்சு வைத்த கோட்டு. இரண்டையும் அவள் மறந்து விட்டுவிட்டுப் போனதாக அறிக்கையில் இருக்கிறது. அது சரியில்லை. அதை அப்படியே விட்டால் எங்கள் குடும்பத்தில் அவளைப் பற்றிக் கடைசிவரை அப்படித்தான் பேசுவார்கள். அதனால் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

மலை ஏறும் யோசனை அவளுடையது. கடையில் துணி வெட்டும் மேசைக்குப் பின்னால், அளவு வெட்டும் பழுப்புத் தாளில் மலையின் வழியை வரைந்து ஒட்டினாள். துணி கொடுக்க வந்தவர்கள் அது எந்த வகுப்புச் சட்டை என்று கேட்டார்கள். அதன் பிறகு பையில் துணிச்சுருளைப் போட்டுச் சுமந்துகொண்டு தினமும் காலையில் எங்கள் கட்டடத்தின் மாடிப்படிகளை ஏறி இறங்கினோம். என் கணவர் பல் துலக்கிக்கொண்டே, "மலை எங்கயும் ஓடிப்போயிடாது, யாராவது மொதல்ல காபி போடுங்க" என்பார். "நீயே போட்டுக்கோண்ணா, நாங்க உச்சியில இருக்கோம்" என்று அவள் மேலிருந்து சொல்வாள்.

அதன் பிறகு, உயரத்துக்கு உடம்பு பழக வேண்டும் என்பதால் மலையைச் சுற்றியுள்ள மேட்டு ஊர்களில் ஒவ்வொன்றாகத் தங்கிக்கொண்டு வந்தோம். பேருந்திலும் உருளைக்கிழங்கு லாரியிலும் போனோம். டயர் கடை மாடியில் ஓர் அறை, விடுமுறைக்கு மூடிய பள்ளியில் ஒரு வகுப்பறை என்று கிடைத்த இடத்தில் படுத்தோம். முதல் ஊரிலேயே சண்டை வந்தது. என் பையில் சின்ன இஸ்திரிப் பெட்டி இருந்ததை அவள் பார்த்துவிட்டாள். அவள் பையிலோ போர்வைகூட இல்லை, அன்று என் போர்வைக்குள்தான் படுத்தாள்.

"உங்கள விட்டா வீட்டையே மூட்டை கட்டிட்டு வருவீங்க அண்ணி" என்றாள்.

"உன்ன விட்டா கைய வீசிட்டுக் கெளம்பிடுவ" என்றேன்.

அதன் பிறகு அவளே ஓர் ஏற்பாடு செய்தாள். என் பையை அவள் கட்ட வேண்டும், அவள் பையை நான் கட்ட வேண்டும். கட்டிய பையை அடுத்த தங்கும் இடம் வரும்வரை யாரும் திறக்கக் கூடாது, உள்ளே என்ன என்றும் கேட்கக் கூடாது. அன்றிலிருந்து எல்லா ஊரிலும் அப்படித்தான் செய்தோம். அவள் என் பையில் குறைப்பாள், நான் அவள் பையில் சேர்ப்பேன். இந்த ஏற்பாடு விடுதிக்காரருக்குத் தெரியாது. என் கணவருக்கும் தெரியாது.

மலையடி விடுதியில் இரண்டு சிலிண்டர் வாங்கினோம், ஆளுக்கு ஒன்று. அன்று அவளுக்கு வயிறு சரியில்லை. எனவே அவள் பையைக் கட்டும்போது அவள் சுமை குறையட்டும் என்று அவள் பங்கு சிலிண்டரை எடுத்து என் சாமான்களோடு வைத்துவிட்டேன். அதன் பிறகு அவள் என் பையைக் கட்ட வந்தபோது இரண்டு சிலிண்டர் இருப்பதைப் பார்த்து, வழக்கம்போல நான் கூடுதலாக ஒன்று வாங்கிவிட்டேன் என்று நினைத்து, என் சுமை குறையட்டும் என்று ஒன்றை எடுத்து ஜன்னல் திண்டில் வைத்துவிட்டாள். ஏற்பாட்டின்படி இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை. மலைமேல் கூடாரம் போட்டுத் தங்கும் மேல் முகாமில் பைகளைத் திறந்தபோதுதான் தெரிந்தது. அவள் தலையில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

உச்சிக்குக் கூட்டிப்போகப் பேசியிருந்த வழிகாட்டி மறுநாள் மேல் முகாமில் வந்து சேர்ந்துகொள்வதாக இருந்தது. அதுவரை ஒரு சிலிண்டர் போதும் என்று தங்கினோம். அதன் பிறகு பனி கொட்டத் தொடங்கியது, வழிகாட்டி வரவில்லை, கேஸ் தீர்ந்தது. கேஸ் இல்லாமல் பனியை உருக்க முடியாது, உருக்காமல் குடிக்கத் தண்ணீர் கிடையாது. எனக்கு வாந்தி வந்தது. எழுந்தால் தலை சுற்றிக் கீழே விழுந்தேன்.

பனி சற்றுக் குறைந்த காலையில், தான் மட்டும் இறங்கிப் போய் ஆள் கூட்டி வருவதாக அவள் சொன்னாள். நான் உட்கார்ந்தபடியே அவள் பையைக் கட்டினேன். அடியில் பஞ்சுக் கோட்டை மடித்து வைத்தேன், நடக்கும்போது வேர்க்கும், நின்றால் போட்டுக்கொள்ளட்டும் என்று. அதன் மேல் காலுறை, டார்ச், பிஸ்கட் வைத்தேன். பையின் வாயை இறுக்கி இரட்டை முடிச்சுப் போட்டேன். நான் எப்போதும் இரட்டை முடிச்சுத்தான் போடுவேன். அதன் பிறகு கண் அசந்துவிட்டேன்.

அவள் என்னைத் தொட்டு எழுப்பி, "கொஞ்சம் புரளுங்க அண்ணி, அடியில மடிஞ்சு கெடக்கு" என்றாள். புரண்டேன். எனக்கு அடியில் எதையோ இழுத்துச் சரிசெய்துவிட்டுப் பையை மாட்டிக்கொண்டாள். பையின் வாயில் ஒற்றை முடிச்சு இருந்ததைப் பார்த்தேன். தலை சுற்றலில் அது என்ன என்று யோசிக்கவில்லை.

"ஆளோட வந்துடறேன். எழுந்து இஸ்திரி போடக் கெளம்பிடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதுதான் அவள் கடைசியாகப் பேசியது.

அன்று எனக்கு முதுகு குளிரவில்லை. முந்தைய நாள்களில் முதுகுதான் முதலில் விறைக்கும். மறுநாள் வழிகாட்டி தகவல் சொல்லி மீட்புக் குழுவினர் வந்து என்னைத் தூக்கியபோது, கோட்டு என் படுக்கைக்கு அடியில் இருந்தது. நான் படுத்துப் படுத்து அது தட்டையாகியிருந்தது. அவர்களில் ஒருவர் அதை எடுத்து என் மேல் போர்த்தினார். அவள் பாதி வழியில் ஒரு பாறையோரம் உட்கார்ந்த நிலையில் கிடைத்ததாகப் பிறகு சொன்னார்கள். குளிரில் இறந்ததாக மருத்துவர் சொன்னார்.

இன்று என்னிடம் காட்டப்பட்ட பை அவளுடையது. உள்ளே காலுறையும் டார்ச்சும் பிஸ்கட்டும் நான் வைத்தபடியே இருக்கின்றன. பிஸ்கட் பிரிக்கப்படவில்லை. கோட்டும் அவளுடையதுதான், கை ஓரத்தில் பச்சை நூலில் நான் போட்ட தையல் இருக்கிறது. அதை அந்தப் பையில் வைத்தது நான். அது தானாக வெளியே வந்திருக்க முடியாது.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். 'இறந்தவர் மறந்து விட்டுச் சென்ற கோட்டு' என்று ஓர் இடத்தில் வந்தது. அதை அடிக்கச் சொன்னேன். பதிலாக என்ன எழுத வேண்டும் என்று எழுதுபவர் கேட்டார். 'அண்ணிக்குக் கொடுத்த கோட்டு' என்று எழுதச் சொன்னேன். எழுதினார். திருத்திய இடத்தில் சுருக்கொப்பம் இட்டேன்.

மற்றபடி எல்லாம் நான் சொன்னபடியே எழுதப்பட்டுள்ளன. எதையும் கூட்டவோ குறைக்கவோ இல்லை.

அவள் பொருள்களை வீட்டுக்கு அனுப்பும்போது பையை நானே கட்டித் தர அனுமதிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

(கையொப்பம்)